செய்தி அறைக்குள் யாரைத் தெரியும்?

ஆவடியில் காலை மின்சார ரயிலில் ஏறினால், சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர் கூட்டத்தைப் பார்க்கலாம். அவர்களில் இதழியலும் விஸ்காமும் படிக்கும் நம் பிள்ளைகளும் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை, பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலை என்று பெற்றோர் உழைத்துப் படிக்க வைக்கிறார்கள். படிப்பில் குறையில்லை. பயிற்சிக்குப் போகும் நேரத்தில்தான், "பத்திரிகையில் யாரையாவது தெரியுமா?" என்ற கேள்வி வருகிறது. நமக்கு யாரையும் தெரியாது.

செய்தி நிறுவனங்களில் பல நேரம் அறிமுகம்தான் முதல் படி. அதைத் தாண்டினாலும், ஊதியமில்லாப் பயிற்சி என்றால் பயணமும் சாப்பாடும் கைக்காசு. விடுமுறையில் வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவக் கட்டணம் என்றிருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களிடையே ஒரு தலித்தைத் தேடிய பத்திரிகையாளர் பி.என்.உனியால், ஒருவரும் கிடைக்கவில்லை என்று 1996இல் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்டரி ஆய்வு 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது. 106இல் உயர்சாதியினர், தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

நமக்கு எழுதத் தெரியாததால் நேர்ந்ததல்ல இது. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' இதழை நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அன்று நாமே இதழ் நடத்தினோம். இன்று பெரிய செய்தி அறைகளில் நமக்கு நாற்காலி இல்லை.

இழப்பு நமக்கு மட்டுமல்ல, செய்திக்கும்தான். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் இறந்தால், 'விஷவாயு தாக்கி பலி' என்று நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. இறங்கச் சொன்னவர் யார், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் பதிவானதா, 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திய 30 லட்சம் ரூபாய் இழப்பீடு குடும்பத்துக்குக் கிடைத்ததா? அந்தத் தெருவிலிருந்து வந்த நிருபர் இதையெல்லாம் கேட்காமல் திரும்பமாட்டார். மாணவர்களுக்குச் செய்தி அறையில் ஆள் தெரியாததுபோல, செய்தி அறைக்கும் நம் காலனிகளில் ஆள் தெரியாது.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டோம். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம், படிக்கும்போதே களத்துக்கு அனுப்பிப் பலரை உருவாக்கியிருக்கிறது. தரமணி இதழியல் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை இடங்கள் உண்டு. கோட்டூர்புரத்தில் தமிழக அரசின் சென்னை இதழியல் நிறுவனம் 2025இல் தொடங்கியிருக்கிறது. ஆனால் இவை சில இடங்களே.

நாம் கேட்பது பெரிதல்ல. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக் கல்லூரிகள் மாதம் ஒருமுறை பகுதி நிருபர்களை அழைத்து மாணவர்களோடு உட்கார வைக்கட்டும். மேடைப் பேச்சு வேண்டாம். மாணவர் எழுதிய செய்தியைத் திருத்திக் கொடுத்தால் போதும். பயிற்சி இடங்களைச் செய்தி நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்கட்டும். திறன் பயிற்சிகள் நடத்தும் தாட்கோ, ஊடகப் பயிற்சிக் கால உதவித்தொகையையும் அதில் சேர்க்கட்டும்.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு மாணவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, அழைப்புக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் தண்ணீர் வராத நாளை, திறக்காத நூலகத்தை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் பகுதி நிருபரிடம் நேரில் கொடுங்கள். அறிமுகம் அங்கிருந்து தொடங்கட்டும். "யாரைத் தெரியும்?" என்று அடுத்த ஆண்டு கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயராவது நம் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.