மேஜையில் திரை, கம்ப்யூட்டர் வேறு ஊரில்!

ஆபீஸ்களில் பரவும் புது ஏற்பாடு: லாபம் என்ன? ஆபத்து என்ன?

மேஜை மேல் ஒரு திரை. தட்டுவதற்கு ஒரு எழுத்துப் பலகை. பக்கத்தில் புத்தகம் அளவில் ஒரு சிறு பெட்டி. அவ்வளவுதான்!

ஊழியர் வந்து உட்காருகிறார். தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டுகிறார். நேற்று விட்ட இடத்திலேயே கணக்கு திறக்கிறது. ஆனால், அந்தக் கணக்கைப் போடும் கம்ப்யூட்டர் அந்த அறையில் இல்லை. பல நூறு மைல் தள்ளி, வேறு ஊரில்கூட இருக்கலாம்!

இதற்கு "டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன்" என்று பெயர். பாங்கிகள், ஆஸ்பத்திரிகள், அரசாங்க ஆபீஸ்கள் பலவற்றில் இது வந்துவிட்டது.

தொட்டியும் குழாயும்

வீட்டுக்கு வீடு கிணறு வெட்டுவது ஒரு முறை. ஊருக்குப் பொதுவாக ஒரு தொட்டி கட்டி, வீடுதோறும் குழாய் போடுவது இன்னொரு முறை. இது இரண்டாவது முறை.

ஒரு பெரிய கம்ப்யூட்டரை, பல கம்ப்யூட்டர்கள்போல் மென்பொருள் பிரித்துக் கொடுக்கிறது. ஊழியர் தட்டும் எழுத்து கம்பி வழியே அங்கே போகிறது. திரையில் தெரிய வேண்டிய படம் மட்டும் திரும்பி வருகிறது.

யோசனை பழையதுதான். ஒரே கம்ப்யூட்டரைப் பலருக்குத் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல் காட்டும் மென்பொருளை ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே அறிவித்தது.

இப்போது ஏன் பரவுகிறது?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆபீஸ் வேலை வீட்டுக்கு வந்தது. கம்பெனி ரகசியம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்கக்கூடாதே! அதற்கு இந்த முறை கைகொடுத்தது.

அடுத்து, "விண்டோஸ் 10"-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் "விண்டோஸ் 11" ஓடாது. அவற்றைத் தூக்கிப் போடுவதா, வெறும் குழாயாக வைத்துக்கொண்டு தொட்டியைப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது.

லாபமும் உண்டு. மேஜைப் பெட்டி திருட்டுப் போனாலும் கணக்கு போகாது. பழுது பார்ப்பவர் மேஜை மேஜையாக அலைய வேண்டாம். மூலப் பிரதி ஒன்றைச் சரி செய்தால், அதிலிருந்து உண்டாகும் எல்லாக் கம்ப்யூட்டர்களும் சரியாகிவிடும்.

அவசரப்பட்டால் நஷ்டம்

முதலில் வேண்டியது கணக்கெடுப்பு. கடிதம் அடிப்பவருக்குச் சிறிது சக்தி போதும். கட்டிடப் படம் வரைபவருக்குப் பல மடங்கு வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு கொடுத்தால் ஒருவருக்கு வீண், மற்றவருக்கு அவதி.

இரண்டாவது, காலை நேர நெரிசல். ஒன்பதரை மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறப்பார்கள். சராசரியைப் பார்த்துத் தொட்டி கட்டினால், அந்த அரை மணி நேரம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்!

மூன்றாவது, கம்பி. இணைப்பு அறுந்தால் ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியாது. ஆகவே, இரண்டு கம்பெனிகளின் இணைப்பு வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது, பணம். பெரிய கம்ப்யூட்டரும் சேமிப்புக் கருவியும் விலை அதிகம். மென்பொருளுக்கு உரிமக் கட்டணமும் உண்டு. இந்தத் துறையின் பெரிய கம்பெனியான வி.எம்.வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒரே தடவை பணம் கட்டி உரிமம் வாங்கும் முறையை நிறுத்தி, சந்தா முறையைக் கொண்டு வந்தது. வாடிக்கையாளர்கள் பலருக்குச் செலவு ஏறியது. தொட்டியின் சாவி யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும்!

எனவே, முதலில் ஒரு பிரிவில் இருபது பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குறை சொல்பவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்கள் வேலை தடையில்லாமல் நடக்கும்வரை பழைய கம்ப்யூட்டர்களை அகற்றக்கூடாது.

தென்கொரியாவில் தீ

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. எல்லாம் ஓரிடத்தில் இருந்தால், அந்த இடத்துக்கு ஆபத்து வந்தால் என்ன ஆகும்?

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜோன் நகரில், அரசாங்கத் தகவல் மையத்தில் பாட்டரி தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசாங்கக் கம்ப்யூட்டர் அமைப்புகள் நின்றன.

அங்கே "ஜி-டிரைவ்" என்ற பொதுப் பைல் கிடங்கு இருந்தது. சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் அரசு ஊழியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த 858 டெராபைட் தகவல் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால், வெளியில் மறுபிரதி வைக்கவில்லை!

பைல்களைத் தங்கள் மேஜையிலும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். "எல்லாவற்றையும் கிடங்கிலேயே வை" என்ற விதிக்குக் கட்டுப்பட்ட இலாகாவின் ஊழியர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

எரிந்தது பைல் கிடங்கு. மேஜைக் கம்ப்யூட்டர்களின் தொட்டி அல்ல. ஆனாலும், பாடம் ஒன்றுதான். ஊழியரின் பைலை நிர்வாகம் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டால், அதைக் காக்கும் கடமையும் நிர்வாகத்தைச் சேர்ந்தது. வேறு ஊரில் ஒரு மறுபிரதி வேண்டும். அதிலிருந்து வேலையைத் திரும்பத் தொடங்க முடிகிறதா என்று அடிக்கடி ஒத்திகையும் பார்க்க வேண்டும். அதற்கான செலவைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால், கிணறுகளை மூடக்கூடாது.