கல் கவ்வியும் கல் போகும் இடமும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களின் மேட்டு நிலங்களில் பயிர் செய்யும் குடியானவர்களுக்குக் கல்லின் தொல்லையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது ஆழமில்லாத செம்மண், அதற்கடியில் பாறை. ஒவ்வோர் உழவிலும் சில கற்கள் மேலே வருகின்றன. சிறு கற்களை ஆட்கள் கூடையில் பொறுக்கி வரப்பில் கொட்டுகிறார்கள். ஆள் தூக்க முடியாத குண்டுக் கற்களை மட்டும் பாட்டன் காலம் முதல் இருந்த இடத்திலேயே விட்டு, ஏரை அவற்றைச் சுற்றி ஓட்டி வந்திருக்கிறோம். மாட்டு ஏருக்கு அது பெரிய தடையன்று. டிராக்டர்க் கலப்பைக்கும் விதைக்கும் கருவிக்கும் அறுவடை யந்திரத்துக்கும் அதுவே பெருந்தடை. கொழு முறிகிறது, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் திட்டுத் திட்டாக நிலம் தரிசாகிறது.

இக்கற்களை அப்புறப்படுத்த டிராக்டரின் முன்புறத் தூக்குக் கையில் மாட்டும் ‘கிராபிள்’ என்னும் கல் கவ்வி மிக்க அனுகூலமானது. கரும்பு ஏற்றும் யந்திரத்தின் கவ்வியைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் விளங்கும். கீழே வரிசையாக இரும்பு விரல்கள் உண்டு. அவை கல்லின் அடியில் நுழையும். மேலே ஒரு தாடை எண்ணெய் அழுத்தத்தால் இறங்கிக் கல்லை இறுகப் பிடிக்கும். கையை உயர்த்தவும் சாய்க்கவும் உள்ள குழாய்களோடு, தாடையை மூடித் திறக்கத் தனியே ஒரு ஜோடி எண்ணெய்க் குழாய் இதற்கு வேண்டும். பூமியில் ஆழப் பதிந்த பாறைக்கு இது ஏற்றதன்று. அதற்குத் தோண்டும் யந்திரமே வேண்டும். மேலே கிடக்கும் கல்லையும், தோண்டிப் புரட்டிப் போட்ட கல்லையும் எடுத்துச் செல்வதே இதன் தொழில்.

இந்த யந்திரத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கல் போய்ச் சேர வேண்டிய இடத்தை முளையடித்துக் குறிக்காமல் இதை நிலத்துக்குள் அழைக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். கல்லை எடுப்பது பாதி வேலை, வைப்பது மறுபாதி. இரண்டாவது பாதியை யோசிக்காத இடத்தில் முதற் பாதிக்குக் கொடுத்த கூலியும் வீணாகிறது.

முதலில் செலவைக் கவனிப்போம். வாடகை மணிக் கணக்கில் போகிறது. பளுவோடு செல்லும் டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகலாம். ஒரு கல்லைக் கவ்வவும் இறக்கவும் இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். கல் போகும் இடம் 60 மீட்டர் தூரத்தில் இருந்தால், போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிஷம். மணிக்கு 15 கற்கள் நகரும். அதே இடம் 300 மீட்டருக்கு அப்பால் இருந்தால், போக வர மட்டும் 9 நிமிஷம். மணிக்கு ஐந்து கற்களே நகரும். ஒரே வாடகையில் மூன்றில் ஒரு பங்கு வேலை! ஆகவே கல் போகும் இடம் நிலத்துக்குள்ளேயே, கூடிய வரையில் அருகிலேயே, இருக்க வேண்டும்.

அந்த இடம் எது? சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் இடும் கல் வரப்பே அது. கொத்தனார்கள் உபயோகிக்கும் தண்ணீர் டியூப் மட்டத்தைக் கொண்டே இக்கோட்டைக் குறித்துவிடலாம். அதன் வழியே அரை அடி முதல் ஒரு அடி வரை பள்ளம் தோண்டி, பெரிய கற்களை அடியில் பதித்து, இடைவெளிகளில் சிறு கற்களை அடைக்க வேண்டும். மழை நீர் இதில் மோதி வேகம் தணிந்து, தன்னோடு கொண்டு வரும் மண்ணை மேல்புறத்தில் படிய விட்டுப் போகும். மிகுதி நீர் போகக் கல் பாவிய வழி ஒன்று விடுவது அவசியம். பயிருக்குப் பகையாக நின்ற கல் இவ்வாறு மண்ணுக்குக் காவலாகிறது.

“நிலம் சுத்தமானால் போதும், கல்லை ஓடையில் தள்ளினால் என்ன?” என்று கேட்பவர்கள் பலர். ஓடையில் தள்ளிய கல் அங்கே சும்மா இருப்பதில்லை. அதன்மேல் முள்ளும் சருகும் மண்ணும் சேர்ந்து அணையாகிறது. ஐப்பசி அடைமழையில் நீர் வழி தவறிக் கீழ் நிலத்துக்காரரின் வரப்பை உடைக்கிறது. ஏரிக்குச் செல்ல வேண்டிய நீர் வயலைப் பாழாக்குகிறது. ஒருவருடைய சௌகரியம் ஊருக்கு வியாஜ்ஜியமாகிறது. கிராம நிர்வாக அலுவலர்கள், யந்திரம் ஊருக்குள் வந்த பின்பு அல்ல, வருவதற்கு முன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கல்லையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையும் கூடாது. மண்ணின்மேல் பரவிய சிறு சரளை மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. வெயிலில் ஈரம் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. கருவிக்குத் தடையான கல்லை எடுப்பதே போதும். கல்லை எடுத்த குழியை அடிமண்ணால் மூடிவிடாமல், ஒதுக்கி வைத்த மேல் மண்ணை இறுதியில் பரப்ப வேண்டும்.

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் கல்லின் எடையைக் கண்ணால் மதிப்பதில் ஏமாறுகிறார்கள். கருங்கல் ஒரு கன அடி சுமார் 76 கிலோ. இரண்டு அடி குறுக்களவுள்ள உருண்டைக் கல் 320 கிலோ இருக்கும். மூன்று அடிக் கல் பார்வைக்கு ஒன்றரைப் பங்குதான் பெரிது. எடையிலோ ஒரு டன்னுக்கு மேல்! தயாரிப்பாளர் கூறும் தூக்கும் சக்தி பெரும்பாலும் கையின் முனை ஆணியில் அளந்தது. அதில் கவ்வியின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். கல் ஆணிக்கு முன்னே தள்ளி நிற்பதால் இன்னும் குறையும். 45 குதிரைச் சக்தி டிராக்டரின் எடையே ஏறக்குறைய இரண்டு டன். முன் அச்சு மெலிந்த இரு சக்கர இயக்க வண்டியில் பெரிய கல்லைத் தூக்கினால் அச்சு முறியும், அல்லது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகையால் பின்புறம் எதிர்ப் பளு கட்டாயம் வேண்டும்.

கவ்விய கல்லை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடலாகாது. உயரத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் கவிழும்; தாடை நழுவினால் கல் கையின் வழியே ஓட்டுபவர் மேல் உருண்டு வரும். சரிவில் ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்டி, பளுவை எப்போதும் மேட்டுப் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஓட்டுவது கூடாது. கவிழ்ச்சித் தடுப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாத வண்டியை இவ்வேலைக்கு அமர்த்த வேண்டாம். தூக்கிய கையின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது.

கவ்விக்கு வாடகை கொடுக்க மனமின்றி, கல்லுக்குச் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுப்பவர்களும் உண்டு. சங்கிலியை இழுவைக் கட்டைக்கு மேலே உயர்ந்த இடத்தில் மாட்டினால், கல் அசையாதபோது முன் சக்கரங்கள் எழும்பி, வண்டி கண்மூடித் திறப்பதற்குள் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். மிச்சப்படுத்திய வாடகை ஓர் உயிருக்கு ஈடாகாது.

இக்கருவியைத் தனியாக வாங்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். நிலம் ஒருமுறை சீரானால் பிறகு ஆண்டில் சில நாட்களே இதற்கு வேலை. வேளாண்மைப் பொறியியல் துறை நிலம் சீர் செய்யும் யந்திரங்களை மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. 2014–15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் உதவியால் ஏற்பட்ட வாடகை மையங்களும் உள்ளன. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, தை அறுவடைக்குப் பின் மண் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் யந்திரத்தை ஒன்றாக அமர்த்தினால், வந்து போகும் செலவு பங்காகும். சமமட்டக் கோடும் ஒருவர் நிலத்தோடு அறுந்துபோகாமல் தொடர்ந்து செல்லும்.

கிராம அதிகாரிகளுக்கு மேலும் இரண்டு விஷயங்கள். நில அளவைக் கற்கள் கவ்வியில் அகப்படாமல் முன்னதாகவே சுண்ணாம்பு அடித்து வைக்கச் செய்யுங்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி அவற்றைக் காக்கும் பொறுப்பு பட்டாதாரருடையது. பெயர்ந்த ஒரு கல்லுக்காகத் தலைமுறை வழக்கு நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மற்றொன்று, இந்த ஜில்லாக்களில் நடுகற்களும் முன்னோர் ஈமச் சின்னங்களும் வயல்களிலேயே நிற்கின்றன. கிருஷ்ணகிரி ஜில்லா மல்லசந்திரத்தின் கல்திட்டைகளைப் பலரும் அறிவர். பெயர் அறியாதவை இன்னும் பல. உருவமோ எழுத்தோ உள்ள கல்லையும், வட்டமாக நட்ட கற்களையும் தொடாமல் விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கவ்வி அரை நிமிஷத்தில் பெயர்ப்பதை மறுபடி நிலைநாட்ட எவராலும் ஆகாது.

ஆகவே குடியானவர்கள் யந்திரத்துக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன், ஒரு நாள் மாலை தங்கள் நிலத்தைச் சுற்றி நடந்து, எடுக்க வேண்டிய கல் எது, விட வேண்டியது எது, வரப்புப் போகும் வழி எது என்று முளையடித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு மாலையின் உழைப்புக்கு வாடகை இல்லை.