பள்ளி திறந்தது, ஆசிரியர் எங்கே?

2022 ஜூன் 13ந் தேதி பள்ளிகள் திறந்தன. தமிழகமெங்கும் 13,331 ஆசிரியர் இடங்கள் காலி! சர்க்கார் கண்ட வழி என்ன? தற்காலிக நியமனம். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது. கண்டனம் எழுந்த பிறகு 12,000 ஆக்கினார்கள்; நிரந்தரமாக்கவில்லை.

இருந்த ஆசிரியர்கள் தலையிலோ, பாடவேளையில் எமிஸ் தளத்தில் புள்ளிவிவரம் ஏற்றும் குமாஸ்தா வேலை சுமத்தப்பட்டது!

நெல்லிக்குப்பம் ஆலைத் தொழிலாளியும், கிள்ளை மீனவரும், சிதம்பரம் வட்டார விவசாயக் கூலியும் நம்பியிருப்பது சர்க்கார் பள்ளியைத்தான். ஆசிரியரின் குமுறல் இவர்களின் குமுறலுமாகும்.

காலியிடங்களை ஜூனுக்கு முன்பே நிரந்தரமாக நிரப்பு! எழுத்து வேலைக்கு எழுத்தரை நியமி! இதற்காகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆசிரியரும் பெற்றோரும் ஓரணியில் திரள அறைகூவுகிறோம்.