கல்லூரியிலும் சிதம்பர ரகசியமா?

சிதம்பரம் என்றவுடன் நமது மக்களுக்கு நினைவுக்கு வருவது ரகசியம். திரையை விலக்கிக் காட்டினால் உள்ளே சுவரும் தங்க வில்வ மாலையும் தவிர வேறொன்றும் இல்லாவிட்டாலும், திரை என்று ஒன்று தொங்குகின்ற காரணத்தினாலேயே அதற்கு ஒரு மகிமை ஏற்பட்டுவிட்டது. அக்கோயிலின் வரவு செலவைப் பார்க்க 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அறநிலைய இலாகா அதிகாரிகள் போனபோது, கணக்கைக் காட்ட முடியாதென்று தீட்சிதர்கள் சொல்லி அனுப்பிவிட்டதும் நேயர்கள் அறிந்ததே. கோயில் சங்கதி இன்று நமக்கு முக்கியமல்ல. அதே ஊரில் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கின்ற அண்ணாமலை சர்வகலாசாலையையும், பொதுவாக நம் நாட்டுக் கல்லூரிகளையும் இந்தத் திரை வியாதி எவ்வளவு தூரம் பிடித்திருக்கின்றது என்பதைப் பற்றியே எழுத முன்வந்தோம்.

ஒரு கல்லூரியில் இரண்டு விதமான சங்கதிகள் எழுதி வைக்கப்படுகின்றன. ஒன்று, பிள்ளையின் சொந்த சங்கதி: அவன் ஜாதி, தகப்பன் வருமானம், வீட்டு விலாசம், தொலைபேசி எண், வாங்கிய மார்க்கு. மற்றொன்று, ஸ்தாபனத்தின் சங்கதி: என்ன அனுமதி இருக்கின்றது, என்ன சம்பளம் வாங்குகின்றார்கள், யாரை உத்தியோகத்தில் வைத்தார்கள், எந்த வகுப்பாருக்கு எத்தனை இடம் போயிற்று என்பவை. முதலாவதைப் பூட்டி வைக்கவும், இரண்டாவதைத் தெருவில் ஒட்டவும் வேண்டும் என்பது சாதாரண அறிவுள்ளவனுக்கும் விளங்கும். ஆனால் நடப்பது என்ன? பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்து மை காய்வதற்குள், பையனுடைய மார்க்கும் தொலைபேசி எண்ணும் முன்பின் தெரியாத தனியார் கல்லூரித் தரகன் கைக்குப் போய்ச் சேர்ந்து விடுகின்றது. அதே தரகனுடைய கல்லூரியில் அடுத்த வருஷம் என்ன சம்பளம் என்று கேட்டால் மட்டும், “நேரில் வாருங்கள்” என்கின்றார்கள். பூட்டு எந்தக் கதவில் தொங்குகின்றது பாருங்கள்!

அண்ணாமலை சர்வகலாசாலை 1929-ல் ஏற்பட்டது. 1979 முதல் தபால் மூலம் கற்பித்து வந்தது. கடையில் வேலை செய்கின்றவனும், வயலில் நடவு நடுகின்றவளும், கல்யாணமாகிப் படிப்பை விட்டவளும் பட்டம் பெறுவதற்கு இது வழியாய் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை, மெச்சுகின்றோம். ஆனால் 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டெல்லியிலுள்ள யூ.ஜி.சி. ஒரு பகிரங்க அறிவிப்பு வெளியிட்டது. இந்தத் தபால் வழிப் படிப்புகளுக்கு 2014-15 வரையில்தான் அனுமதி கொடுத்திருந்ததாகவும், அதற்குப் பின் அனுமதி இல்லை என்றும், அதனால் மாணவருக்கு நேரும் கஷ்டத்துக்குச் சர்வகலாசாலையே பொறுப்பு என்றும் அதில் கண்டிருந்தது. சட்டம் யார் பக்கம் என்ற வழக்கில் நாம் புகவில்லை. அந்த ஏழு வருஷ காலம் பணம் கட்டிச் சேர்ந்தவன் கையில் கொடுத்த விண்ணப்பத் தாளின் முதல் பக்கத்திலேயே, “இந்தப் படிப்புக்கு யூ.ஜி.சி. அனுமதி எந்த வருஷம் வரை, இப்போது தகராறு என்ன” என்று இரண்டு வரி பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? தெரிந்து சேருகிறவன் சேரட்டும். தெரியாமல் சேர்ந்தவனுடைய பணத்துக்கும் வயதுக்கும் யார் ஜவாப்பு? டெல்லிக்காரர்களும் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழு வருஷம் கழித்து வாயைத் திறப்பதற்குப் பெயர் எச்சரிக்கையா?

சம்பள விஷயத்தைப் பார்ப்போம். 2012 நவம்பரில் பணமுடை என்று சொல்லி ஊழியர் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகக் கிளம்பி, அதனால் கிளர்ச்சி ஏற்பட்டு, கல்லூரியையே மூடினார்கள். 2013-ல் தமிழ்நாடு சர்க்கார் தனிச் சட்டம் செய்து சர்வகலாசாலையை ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் 12,000 பேருக்கு மேல் ஊழியர்கள் இருப்பதும், அதில் ஏராளமானவர் தேவைக்கு மிஞ்சியவர்கள் என்பதும் ஊரறிய வெளிவந்தது. பிற்பாடு ஆயிரக்கணக்கானவரை மற்ற இலாகாக்களுக்கு அனுப்பினார்கள். வருஷா வருஷம் நியமன ஜாபிதாவை வாசலில் ஒட்டியிருந்தால் இது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்குமா?

சர்க்கார் கைக்கு வந்த பிறகாவது திரை விலகியதா என்றால், அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பிள்ளைகளிடம் வருஷத்துக்குச் சுமார் 5½ லட்சம் ரூபாய் வாங்கினார்கள். மற்ற சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளிலோ 14 ஆயிரத்துக்கும் குறைவு. சர்க்கார் கல்லூரி என்றால் ஏன் இந்தச் சம்பளம், தனியார் கல்லூரி என்றால் ஏன் சர்க்கார் சட்டம் என்ற நேரான கேள்வியைக் கேட்டுக்கொண்டு, 2020 டிசம்பர் முதல் 50 நாட்களுக்கு மேல் அப்பிள்ளைகள் போராடினார்கள். அதன் பின்னரே 2021-ல் அக்கல்லூரி சுகாதார இலாகாவின் கீழ் வந்தது, சம்பளமும் இறங்கியது. ஒரு கணக்கை வெளிக்கொண்டு வருவதற்கு டாக்டர் படிப்புப் பிள்ளைகள் வாசலில் படுக்க வேண்டியதாயிற்று!

நிற்க. இவற்றையெல்லாம் விட நமக்கு முக்கியமானது வகுப்புக் கணக்கு. கணக்கு வெளிவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி. பார்ப்பனரல்லாதார் அறிக்கை 1916-ல் வெளிவந்தபோது அதன் பலம் வசைமொழியில் இல்லை, எண்களில் இருந்தது. அப்போதைய கணக்குப்படி 128 ஜில்லா முன்சீபுகளில் 93 பேர் பார்ப்பனர். 140 டிப்டி கலெக்டர்களில் 77 பேர் அவர்களே. நூற்றுக்கு மூன்று பேர் உள்ள கூட்டத்தார் இத்தனை இடத்தில் உட்கார்ந்திருந்ததை, கார்டியூ துரை ராயல் கமிஷன் முன் எடுத்து வைத்த அந்தக் கணக்கு இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்? திறமை, தகுதி, பூர்வ ஜன்ம புண்ணியம் என்று பேசியே காலங் கழித்திருப்பார்கள். வகுப்புவாரி உத்திரவு பிறந்ததே அந்தக் கணக்கின் வயிற்றில்தான்.

இன்றைக்கு, 1993-ம் வருஷச் சட்டப்படி நூற்றுக்கு 69 இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு படிப்பிலும், எத்தனை ஆதிதிராவிடப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், வாத்தியார் இடங்களில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். சுலபத்தில் பதில் வராது. கணக்கு இல்லை என்றும் அவர்கள் சொல்ல முடியாது. 2010-11 முதல் கல்லூரிகள் மாணவர், வாத்தியார் தொகையை வகுப்பு வாரியாய் டெல்லிக் கல்வி இலாகாவுக்கு எழுதி அனுப்பி வருகின்றன. டெல்லிக்குப் போகின்ற கணக்கு, கல்லூரி வாசற் பலகைக்கு வர மட்டும் வழி தெரியவில்லையாம்!

இதற்குச் சில பெரியவர்கள், “ஜாதியைப் பற்றிப் பேசக்கூடாது, பிள்ளைகள் மனம் புண்படும்” என்று புத்தி சொல்லுகின்றார்கள். நல்லது, அதையும் பார்த்துவிடுவோம். உதவித்தொகை வந்தால் வகுப்பறையில் நின்று, “எஸ்.சி. பசங்க எழுந்திரு” என்று கூப்பிடுகிறபோது இந்தப் பெரியவர்களுக்கு ஏன் மனம் புண்படவில்லை? நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் ஏற்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் ஜாதிக் கலமே கூடாது என்று சொல்லிற்று. அதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கின்றோம். பெயரோடு ஜாதியைச் சேர்த்து ஒட்டுவது அவமானம்; பெயரில்லாமல் தொகையை ஒட்டுவது நியாயம். முன்னதைத் தாராளமாய்ச் செய்துகொண்டு, பின்னதற்கு மட்டும் நாகரிகம் பேசுகிறவர்களை நாம் நன்றாய் அறிவோம்.

இந்நிலையில் புதிதாய் ஒரு திரை நெய்யப்பட்டிருக்கின்றது. 2023-ல் டெல்லியில் செய்த சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவில் கை வைத்தது; அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமுலுக்கு வந்துவிட்டது. சொந்தத் தகவல் என்று சொல்லி மறுப்பதற்கு முன்பு இருந்த வரம்புகள் அந்த இடத்தில் எடுக்கப்பட்டுவிட்டன. இனி ஒரு வாத்தியார் எந்தப் பட்டத்தைக் காட்டி உத்தியோகம் பெற்றார் என்று கேட்டால், “அது அவர் சொந்த விஷயம்” என்று குமாஸ்தா சொல்லிவிடலாம். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கென்று சொல்லி வந்த சட்டம் பெரிய மனிதருக்குக் குடையாகப் போகின்றதே என்பதுதான் நமது கவலை. ஆயினும் பொது நன்மை பெரிதென்றால் வெளியிடலாம் என்கிற 8(2) இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது. தவிரவும், தொகைக் கணக்கு யாருடைய சொந்த விஷயமும் அல்ல.

ஆகையால் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், கடலூர் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, 17 வகைச் சங்கதிகளை ஒருவரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்று 2005-லேயே சொல்லியிருக்கின்றது. வெளியிடாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவ வேண்டியது அவர் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் அவருக்கு மேல் அதிகாரியிடம் அப்பீல் உண்டு. ஒருவரின் பெயரையும் கேட்க வேண்டாம். “உங்கள் கல்லூரியில் சென்ற ஐந்து வருஷத்தில், படிப்பு வாரியாய், வகுப்பு வாரியாய், சேர்ந்தவர் எத்தனை, படித்து முடித்தவர் எத்தனை, அந்தப் படிப்புக்கு அனுமதி எந்தத் தேதி வரை” என்று மட்டும் கேளுங்கள்.

வந்த பதிலை நமக்கு அனுப்பினால் வந்தபடியே பிரசுரிப்போம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதைக் கல்லூரியின் பெயரோடு பிரசுரிப்போம்.