ஒப்படைத்த காகிதங்களுக்குக் காவல் யார்?

உத்தியோகத்திற்கு மனுச் செய்யும் இளைஞனும், உபகாரச் சம்பளம் கோரும் மாணவனும், முதியோர் உதவிப் பணத்தை நாடும் கிழவியும் தாலுகா ஆபீஸ் வாசலில் காகிதக் கட்டுடன் காத்து நிற்க வேண்டியிருந்த நிலைமை இன்று பெரும்பாலும் மாறிவிட்டது. பள்ளிச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, புகைப்படம், கையொப்பம் ஆகிய எல்லாவற்றையும் இ-சேவை மையத்திலோ, கையிலுள்ள டெலிபோனிலோ படமெடுத்து, இன்டர்நெட் வழியாக அனுப்பிவிடுகிறார்கள். பைல் கிடைத்துவிட்டது என்று ஒரு வரி திரையில் தோன்றுகிறது. மனுதாரரும் திருப்தியுடன் வீடு திரும்புகிறார். அந்தக் காகிதங்கள் அதன் பிறகு எங்கே போகின்றன, எந்தப் பெயரில் வைக்கப்படுகின்றன, யார் யார் அவற்றைத் திறந்து பார்க்கக்கூடும், எத்தனை வருஷம் அங்கே கிடக்கும் என்ற கேள்விகளுக்கு அவருக்கு விடை தெரியாது. கேட்டு வாங்கிய உத்தியோகஸ்தருக்கும் பல சமயம் தெரியாது என்பதுதான் நமது கவலை.

புதிய முறையை நாம் வெறுக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்து, பியூனுக்குக் கையூட்டும் கொடுத்துக் காரியம் சாதித்த காலத்தை மீண்டும் கொண்டுவர எந்தத் தேசபக்தனும் விரும்பமாட்டான். ஆனால், சௌகரியம் வேறு, பத்திரம் வேறு. ஜனங்களிடமிருந்து தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்குகிற எந்த ஸ்தாபனமும், அவற்றை அடைக்கலப் பொருளாகக் காக்கும் கடமையை அந்தக் கணத்திலேயே ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடமையைச் செய்ய இயலாதவர்களுக்குக் கேட்கும் உரிமையும் கிடையாது. இதுவே நமது திடமான அபிப்பிராயம்.

இந்த ஏற்பாடு நடைபெறும் விதத்தை முதலில் கவனிப்போம். வெப்சைட்டில் உள்ள படிவத்தின் மூலமாகவே பைலையும் சேர்த்து அனுப்பும் முறையை, 1995 நவம்பரில் ஜெராக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த நெபல், மாசின்டர் என்ற இருவர் வகுத்து வெளியிட்டார்கள். அதற்குப் பின் முப்பது வருஷங்கள் சென்றுவிட்டன. அனுப்பும் பைல்களை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சர்வருக்கு அனுப்புகிறார்கள். ஆகவே அதற்கு மூன்று கடமைகள் உண்டு. ஒவ்வொருவர் பைலையும் சிதையாமல் வாங்க வேண்டும். ஒருவருடையது மற்றொருவருடையதுடன் கலந்துவிடாமல் வைக்க வேண்டும். உரியவருக்கும், அதிகாரம் பெற்றவருக்கும் அன்றி வேறு எவருக்கும் காட்டாதிருக்க வேண்டும். கேட்பதற்கு இவை எளியவை. தவறுகள் யாவும் இவற்றிலேயே நிகழ்கின்றன.

பெயர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பதினாயிரம் பேர் புகைப்படம் அனுப்பினால், அவர்களில் எத்தனையோ பேர் 'போட்டோ' என்றே அதற்குப் பெயரிட்டிருப்பார்கள். அனுப்புகிறவர் இட்ட பெயரிலேயே சர்வர் சேமிக்குமானால், கடலூர்க்காரர் படத்தின் மேல் கரூர்க்காரர் படம் எழுதப்பட்டு, முதல் படம் அழிந்துபோகும். 'அந்தப் பெயரில் முன்பே பைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே எழுதுகிறோம்' என்று சில நிபுணர்கள் சமாதானம் சொல்லக்கூடும். இருவர் அதே நொடியில் வந்தால், இருவருக்கும் 'இல்லை' என்ற பதிலே கிடைக்கும், இருவரும் எழுதுவார்கள், ஒன்றுதான் மிஞ்சும். பார்ப்பதும் எழுதுவதும் இரண்டு காரியங்களாக இருக்கும் வரையில் இந்த விபத்தைத் தவிர்க்க முடியாது. சர்வரே ஒவ்வொரு பைலுக்கும் யூகிக்க முடியாத புதுப் பெயர் ஒன்றைச் சூட்டுவதும், பைல் முழுவதும் வந்து சேரும்வரை அதைத் தாற்காலிக இடத்தில் வைத்திருந்து, பிறகு ஒரே செயலில் உரிய இடத்திற்கு மாற்றுவதும்தான் பரிகாரம். அனுப்புகிறவர் சொல்லும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக்கூடாது என்று 2015-ல் வெளியான திருத்தப்பட்ட தொழில் விதியிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே தெரியாது என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

இனி, ஒருவர் காகிதத்தை மற்றொருவர் பார்க்கும் அபாயத்தைக் கவனிப்போம். அமெரிக்காவில் வீடு, நிலங்களின் உரிமைப் பத்திரங்களுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் பர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய கம்பெனியின் வெப்சைட்டில், 2003-ஆம் வருஷம் முதற்கொண்டு சேர்ந்த சுமார் 88 கோடியே 50 லட்சம் பைல்கள் எவரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன என்று 2019 மே மாதத்தில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் வெளிப்படுத்தினார். பாங்குக் கணக்கு எண்களும், அடமானப் பத்திரங்களும், வரிக் காகிதங்களும், டிரைவர் லைசென்ஸ் படங்களும் அவற்றில் இருந்தன. அதற்குப் பூட்டை உடைக்கும் சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. பைல்களுக்கு வரிசை எண் கொடுத்திருந்தார்கள். தமக்கு வந்த விலாசத்தில் உள்ள எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அடுத்தவர் காகிதம் திரையில் வந்து நின்றது. கேட்கிறவர் யார் என்று சர்வர் விசாரிக்கவேயில்லை.

இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. கம்பெனியின் பாதுகாப்பு ஊழியர்களே சில மாதங்களுக்கு முன்பு இந்தக் குறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அது திருத்தப்படவும் இல்லை. பொது ஜனங்களுக்கு அறிக்கை விடுத்த மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கமிஷன் 2021 ஜூன் மாதத்தில் சுமார் 4 லட்சத்து 87 ஆயிரம் டாலரும், நியூயார்க் மாகாண நிதி இலாகா 2023 நவம்பரில் 10 லட்சம் டாலரும் அபராதம் விதித்தன. இரண்டையும் கூட்டி, திறந்து கிடந்த பைல்களுக்குப் பங்கிட்டால், ஒரு பைலுக்கு ஒரு சென்டில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. குடும்பத்தின் அந்தரங்கத்திற்கு இதுவா விலை?

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. யூகிக்க முடியாத பெயரைச் சூட்டுவது நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. விலாசம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விடும். ஒவ்வொரு முறை பைல் கேட்கப்படும்போதும், 'கேட்பவர் யார், இதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா' என்று சர்வர் விசாரித்தே தீர வேண்டும். யார், எப்பொழுது திறந்தார் என்ற குறிப்பும் எழுதிவைக்கப்பட வேண்டும். ரிஜிஸ்திரார் ஆபீஸில் நகல் வாங்கப் போனால் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள் அல்லவா? அதே மரியாதை இங்கும் வேண்டும்.

மூன்றாவது அபாயம், வருகிற பைலுக்குள்ளேயே ஒளிந்திருப்பது. படம் என்று சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டரை ஏவும் கட்டளைகள் அடங்கிய பைலை ஒருவன் அனுப்பக்கூடும். அதைச் சர்வர் வாங்கி, வெப்சைட்டின் சொந்தப் பைல்கள் இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டால், அனுப்பியவன் அதைத் தூரத்திலிருந்தே இயக்கி, சர்வரையே கைப்பற்றிக்கொள்வான். பிறகு அவன் ஒருவன் காகிதத்தை அல்ல, எல்லோருடைய காகிதங்களையும் எடுத்துச் செல்லலாம். வேர்ட்பிரஸ் முறையில் அமைந்த வெப்சைட்டுகளில் பைல்களை நிர்வகிப்பதற்கென்று சேர்க்கப்படும் ஒரு துணைச் சாதனத்தில் 2020 செப்டம்பரில் இத்தகைய ஓட்டையே வெளிப்பட்டது. பாஸ்வேர்டு எதுவுமின்றி, வழிப்போக்கன்கூடப் பைலை ஏற்றி இயக்க முடிந்தது. அந்தச் சாதனம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளில் அமைக்கப்பட்டிருந்தது. பெயரின் வாலைப் பார்த்து ஏமாறாமல் பைலின் உள்ளடக்கத்தைப் பரிசோதிப்பதும், வெளியார் நேரே எட்ட முடியாத தனி இடத்தில் வைப்பதும், அவ்விடத்தில் எந்தக் கட்டளையும் இயங்காதபடி தடுப்பதும், அளவுக்கு மேற்பட்ட பைலை வரும்போதே நிறுத்துவதும் இதற்குரிய காப்புகள். படங்களை மறுபடி புதிதாக எழுதி வைப்பதும் நலம். எடுத்த இடத்தின் குறிப்பு முதலானவை படத்துக்குள் ஒளிந்து வருவதுண்டு.

நான்காவது, காரியம் முடிந்த பிறகும் காகிதத்தை வைத்துக்கொண்டிருக்கும் பேராசை. பெண்களுக்கென்று ஏற்பட்ட 'டீ' என்ற அமெரிக்க டெலிபோன் செயலி, சேருகிறவர்கள் பெண்கள்தாமா என்று நிச்சயிப்பதற்காக முகப்படமும் அடையாள அட்டையும் கேட்டது. சரிபார்த்தவுடன் அழித்துவிடுவதாக வாக்கும் கொடுத்திருந்தது. 2025 ஜூலை மாதத்தில் ஏறக்குறைய 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் சுமார் 13,000, சரிபார்ப்பதற்காகக் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளுமே. பழைய சேமிப்பிடம் ஒன்றில் அவை கிடந்தனவாம். பாதுகாப்பை நாடி வந்த பெண்களுக்கு அதுவே ஆபத்தாக முடிந்தது. அழிக்கப்பட்ட காகிதத்தை எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது என்ற எளிய உண்மையை நமது ஆபீஸ்கள் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு குறையையும் சொல்லாமலிருக்க முடியாது. மனுச் செய்யக் கடைசி நாள் வந்ததும் வெப்சைட் திணறுவதும், பாதி ஏறிய பைல் அறுந்துபோவதும், இரவு பன்னிரண்டு மணி அடித்ததும் கதவு மூடப்படுவதும் நமது இளைஞர்கள் நன்கறிந்த அனுபவம். நகரத்து மாளிகையில் வேகமான இணைப்பு உள்ளவனுக்கு ஒரு நிமிஷத்தில் முடிவது, கிராமத்து ஏழைக்கு ஒரு மணி நேரத்திலும் முடிவதில்லை. பைலைத் துண்டு துண்டாகப் பெற்று, அறுந்த இடத்திலிருந்தே தொடரும் முறை இருக்கிறது. நேரத்திற்குள் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பத் தொடங்கியவருக்கு அதை முடித்துக்கொடுக்கச் சிறிது அவகாசம் அளிப்பதும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. சர்வரின் பலவீனத்துக்கு ஏழை மனுதாரரைத் தண்டிப்பது எந்த நீதியைச் சேர்ந்தது?

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் என்பது பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. தகவலைக் கேட்டு வாங்குகிறவரை, நம்பிக்கைக்குப் பாத்திரமான பொறுப்பாளர் என்று பொருள்படும் சொல்லாலேயே அச்சட்டம் குறிப்பிடுகிறது. தகுந்த காப்புகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இவை பாராட்டத்தக்கவையே. ஆனால், விதிகள் வெளியாக 2025 நவம்பர் வரை சென்றது. அப்பொழுதும் பிரதானமான கடமைகளுக்கு 18 மாதம் தவணை கொடுத்தார்கள். போதாக்குறைக்கு, தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்களைக் கூறித் தனது ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் மத்திய சர்க்கார் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. ஜனங்களிடம் மிகுதியான காகிதங்களைக் கேட்பது சர்க்கார்தான். கம்பெனிக்குக் கடமையும் சர்க்காருக்குச் சலுகையும் என்றால், சட்டத்தின் ஆத்மாவே போய்விடும். அந்நியன் ஆண்ட காலத்தில் பிரஜை சர்க்காருக்குக் கணக்குச் சொன்னான். சுயராஜ்யத்தில் சர்க்கார் பிரஜைக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஆகவே நாம் ஜனங்களின் சார்பில் கேட்பவை இவை. காரியத்துக்கு அவசியமில்லாத காகிதத்தை எந்த ஆபீஸும் கேட்கக்கூடாது. பைல்களைப் பெறும் ஒவ்வொரு வெப்சைட்டும், மேலே கூறிய காப்புகள் இருப்பதாகச் சம்பந்தமில்லாத நிபுணர்களால் சோதிக்கப்பட்ட பின்னரே திறக்கப்பட வேண்டும். டெண்டரில் இதை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதைக் கேட்கும்போதே தமிழில் தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும். காகிதம் வெளியே போய்விட்டால் மறைக்காமல் உரியவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். குறையைச் சுட்டிக்காட்டும் ஊழியரையோ இளைஞரையோ மிரட்டாமல் நன்றி கூற வேண்டும்.

செலவு அதிகமாகும் என்பார்கள். நாம் கூறிய காப்புகளில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொழிலறிந்த எந்த இன்ஜினியரும் தினசரி வேலையாகச் செய்யக்கூடியவை. சிறிய ஆபீஸ்களுக்கு இயலாது என்பார்கள். அப்படியானால் ஆபீஸுக்கு ஓர் ஓட்டைப் பெட்டி வைத்துக்கொள்ளாமல், நன்கு சோதித்த ஒரே ஏற்பாட்டை எல்லோரும் பயன்படுத்தட்டும். 2015-ல் ஆரம்பித்த டிஜிலாக்கர் இந்த நோக்கத்துடன் ஏற்பட்டதுதான்; சான்றிதழ் கொடுத்த ஸ்தாபனத்திடமிருந்தே அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியுமானால், ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு நகலைக் குவித்து வைக்கத் தேவையே இல்லை.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. இது கம்ப்யூட்டர் நிபுணர்களின் விஷயம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். உங்கள் ஊர் ஆபீஸ் காகிதம் கேட்கும்போது, 'எதற்கு, எங்கே, எத்தனை நாள், யார் பார்ப்பார்கள்' என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. ஏழையின் பெட்டியில் இருக்கும் நான்கு காகிதங்கள்தான் அவனுடைய படிப்பு, அவனுடைய நிலம், அவனுடைய பெயர். அவற்றை நம்பி ஒப்படைத்திருக்கிறான். கேட்டு வாங்கியவர்கள் அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடந்துகொள்ளும்வரை, கேட்பதை நாம் நிறுத்தப் போவதில்லை.