கட்டுரையாளரும் கையொப்பமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியை ஆராயப் புகுவோர் இந்நாளிற் பலர். குமாரலிங்கபுரம் போன்றதோர் ஊரிற் கண்மாய் வண்டலின் இயல்பை அறியவோ, சீமைக்கருவேல் பரவிய வரலாற்றை எழுதவோ ஒருவர் வருவாராயின், ஊரார் தம் கிணற்றைக் காட்டுவர், மண்வெட்டி கொடுப்பர், தாம் கண்ட வறட்சிகளைப் பொழுது சாயுமளவும் எடுத்துரைப்பர். முடிவிற் கட்டுரை அயல்நாட்டுச் சஞ்சிகை யொன்றில் வெளிவருகின்றது. அதனைப் படிக்க விரும்பும் அவ்வூர்ப் பிள்ளை, அவ்வொரு கட்டுரைக்கு மட்டும் முப்பது நாற்பது டாலர் கொடுக்க வேண்டியவனாகின்றான். இது முறையாகுமா?

பிரசுரகர்த்தரை வைது பயனில்லை. உரிமையை அவர் கையிற் கொடுத்தவர் கட்டுரையாளரே. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாலும் கையொப்பத்தாலுமன்றி இவ்வுரிமை பிறர்க்குச் செல்லாது. பத்திரத்திற் காலம் குறிக்கப்படாதாயின் ஐந்தாண்டே செல்லும். இடம் குறிக்கப்படாதாயின் இந்திய எல்லையோடு நின்றுவிடும். ஆனால் பெரிய பதிப்பகத்தார் இவ்விரண்டையும் குறியாமல் விடுவாரல்லர். உலக முழுவதுக்கும், உரிமைக்காலம் முழுவதுக்கும் எழுதி வாங்குவதே பெருவழக்கு. அக்காலமோ ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். இருபத்தைந்து வயதிற் கையொப்பமிட்டு எண்பது வயதில் மறைபவரின் கட்டுரை, ஏறக்குறைய 115 ஆண்டு பிறருடைமையாகவே கிடக்கும். அரைக்குழிப் புஞ்சையை விற்பவனும் பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கின்றான். கற்றறிந்த நம்மவரோ கணினித் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகின்றனர்.

இதனுள் நம் தமிழ்ப் பகுதியினர் கருத வேண்டியது ஒன்றுண்டு. மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையின் கூறே. முழுவுரிமையையும் கொடுத்துவிட்டவர், தாம் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் தாமே தமிழாக்கி இம்மலரில் வெளியிடவும் பிறர் இசைவு கேட்டு நிற்க வேண்டும். பெயர் விளங்கும் உரிமையும், எழுத்தைச் சிதைப்பின் தடுக்கும் உரிமையும் சட்டத்தின் 57ஆம் பிரிவால் எஞ்சுகின்றன. ஊராரிடம் தமிழிற் கேட்டறிந்ததைத் தமிழிலே திருப்பிக் கொடுக்கும் உரிமை எஞ்சுவதில்லை. இதுவே என் மனத்தை மிக வருத்துவது.

1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களும் பலர் கைமாறின. திரைப்படத்திற் பாடும் உரிமை ஏ.வி. மெய்யப்பரிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கிற்று. பின்னர் அவை பொதுவாயின. மகாகவிக்கு அரசாங்கம் வந்தது. கண்மாய் வண்டலைப் பற்றிய கட்டுரைக்கு எவர் வருவார்?

2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு இசைந்து, மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசு நிறுவனங்களின் மாணவர்க்கு ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள் இதனாற் கிட்டுகின்றன. நன்றே. ஆயினும் இது வாடகையேயன்றி உடைமையன்று. படிப்பை முடித்து ஊர் திரும்பியவனுக்கு இதனாற் பயனுமில்லை.

சஞ்சிகையின் பெயரன்றோ உத்தியோக உயர்வு தருவது, இளம் விரிவுரையாளர் வாதாடுவது எங்ஙனம் என்பர். உண்மையே. வெளியிடுவோர் சிலர் கட்டுரையைத் திறந்துவைக்க ஆசிரியரிடமே ஆயிரக்கணக்கான டாலர் கேட்பதும் உண்மை. ஆனால் வழி அஃதொன்றே அன்று. 1934இல் சி.வி. இராமன் நிறுவிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகைக் கட்டுரைகள் அதன் வலைத்தளத்தில் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்தில் வைக்கப் பதிப்பகத்தார் பலர், சிலர் சிறிது காலங் கழித்தேனும், இசைகின்றனர். உரிமையை விற்காமல் வெளியிடும் அனுமதியை மட்டும் கொடுப்பதுமுண்டு. 2002 முதல் வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதிகள் அத்தகையன: ஆசிரியர் பெயரைச் சொல்லி எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்பது அவற்றுள் மிக விரிந்தது. மாற்றம் கூடாதென்னும் வகையை நம்மவர் தேர்ந்தெடுத்தலாகாது. மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கொள்ளப்படுமாதலின், தமிழ்க் கதவு அங்கே அடைபடும்.

நம் நூல்நிலையத்தார் ஆசிரியர்களின் ஏற்கப்பட்ட கைப்பிரதிகளை இவ்வாண்டே திரட்டத் தொடங்கலாம். முழுவுரிமையும் கேட்கும் பத்திரம் வருமாயின், தமிழாக்கும் உரிமை தமக்கே என ஒரு வரி சேர்க்குமாறு ஆசிரியர் எழுதிக் கேட்கலாம். மறுத்தாலும் நட்டம் ஒரு கடிதமே. இசைந்தால் அக்கட்டுரையின் தமிழ்ச் சுருக்கத்துக்கு அடுத்த மலரில் நான்கு பக்கம் ஒதுக்குமாறு பத்திராதிபரை வேண்டுகின்றேன். ஒரு பிரதி குமாரலிங்கபுரத்துக்கும் போகட்டும்.