கிரகம் பார்க்கும் குழாய்

தொலைநோக்கி வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; அடுத்தபடியாக ஆடியின் அகலத்தை விசாரிப்பார்கள். வியாழனையும் சனியையும் செவ்வாயையும் பார்ப்பதையே பிரதான நோக்கமாகக் கொண்டு ஒரு கருவியைத் திட்டமிடுகிறவனுக்கோ இவ்விரண்டும் இரண்டாம் பட்சந்தான். கிரகங்களிடம் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பாகையில் 3,600இல் ஒரு பங்கான விகலைக் கணக்கில், மிக நெருங்கி வரும்போதும் ஏறக்குறைய 50 விகலையே அகலமுள்ள வியாழனின் வட்டத்தில், ஒரு மங்கிய பட்டைக்கும் அதையடுத்த பட்டைக்கும் உள்ள சூக்ஷ்மமான பேதத்தைக் கெடாமல் கண்ணில் சேர்ப்பதே இங்கே காரியம்.

நியூட்டன் வகுத்த அமைப்பில் அதைக் கெடுப்பது, குழாயின் வாயருகே சாய்ந்து நிற்கும் சிறிய கண்ணாடி. 150 மில்லிமீட்டர் ஆடிக்கு முன் 30 மில்லிமீட்டர் கண்ணாடி மறைக்கும் வெளிச்சம் நூற்றில் நாலு பங்கே. அதற்காக யாரும் விசனப்பட வேண்டாம். ஆனால் அது பெருக்கப் பெருக்க, பிம்பத்தின் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நடுவிலிருந்து சிதறிச் சுற்றுவளையங்களில் கசிய, பட்டைகளின் மேல் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. ஆகையால் நான் குவியத்தூரத்தை 1,200 மில்லிமீட்டராக நீட்டுவேன்: ஒளிக்கூம்பு ஒடுங்குவதால் சிறிய கண்ணாடியே போதும், கோள வடிவிலிருந்து பரவளைய வடிவுக்கு ஆடியைத் திருத்தும் ஆழமும், 750 மில்லிமீட்டர் குவியத்துக்கு வேண்டியதில் கால்பங்காகக் குறைந்து, தேய்ப்பவனுக்கு வேலை சுலபமாகும். 6 மில்லிமீட்டர் கண்வில்லையைப் பொருத்தினால் 200 மடங்கு பெருக்கம் கிடைக்கும். அதற்கு மேல் பெரும்பாலான இரவுகளில் நம் வாயுமண்டலமே இடங்கொடுக்காது.

நீளத்துக்கும் எல்லை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ், வில்லையின் நிறப்பிழைக்கு அஞ்சி 150 அடி நீளத் தொலைநோக்கியொன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டார். காற்றடித்தால் அது ஆடிற்று. நமது நாலடிக் குழாய்க்கும் அதிராத பீடம் வேண்டும். கூடுதல் பணத்தைப் பெரிய ஆடியில் போடாமல் அதில் போடுவதே விவேகம்.

தமிழ்நாட்டு அட்சரேகையில் கிரகங்கள் உச்சிக்கு வெகு அருகே ஏறி வருவதால், காற்றின் தொல்லை மற்றவர்களைவிட நமக்குக் குறைவு. அந்த அனுகூலத்தை மொட்டைமாடியில் வைத்து வீணாக்காதீர்கள்; பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நடுநிசிவரை அனலைக் கக்கும். கருவியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து, புல்தரையில் வையுங்கள்.